ஆட்கொண்டான் செய்த செலவு



விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கண்டமங்கலம். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் விடியவிடியக் கூத்து. பிரசங்கியார் வில்லிபாரத விருத்தத்தை ராகம் போட்டுப் பாடிப் பொருள் சொல்வார். வயல் வேலை முடித்து வந்தவர்கள் மண்தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். கடைசி நாள் படுகளச் சடங்கில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன்மேல் நின்று திரௌபதி கூந்தல் முடிவாள். சிங்கப்பூர்த் தமிழ்ச் சொந்தங்களே, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் நீங்கள் தீ மிதிப்பதும் அவளுக்காகத்தானே!

அந்த வில்லிபாரதத்தைப் பாடிய வில்லிபுத்தூரார் எங்கள் திருமுனைப்பாடி நாட்டுக்காரர் என்பார்கள். வக்கபாகை மன்னன் வரபதி ஆட்கொண்டான் ஆதரித்ததால் வடமொழிப் பாரதம் 4,300க்கு மேற்பட்ட தமிழ்ப் பாடல்களாயிற்று. அரசாதரவு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவன் அவன்தான்.

தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் நெல்லையில் பொருநை இலக்கியத் திருவிழா நடத்தியது. வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆறுகளின் பெயரில் அது தொடர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். அங்கே மொழிபெயர்ப்புக்கு மானியம் தருகிறார்கள். பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி' நாவல் 2023இல் ஜேசிபி இலக்கியப் பரிசு வென்றது ஜனனி கண்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்பால் அல்லவா?

ஒரு வருத்தமும் உண்டு. பல விழாக்களில் கூத்துக்காரர்களை வரவேற்புக்கு அரைமணி ஆடவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். கூத்து வாத்தியாரும் பிரசங்கியாரும் இலக்கிய அரங்கில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியவர்கள்.

உங்கள் நாட்டில் நான்கு ஆட்சிமொழிகள். 1986 முதல் நடக்கும் சிங்கப்பூர் எழுத்தாளர் விழாவில் நான்குக்கும் இடம் உண்டு. ஏப்ரலில் தமிழ் மொழி விழா வருகிறது. அதில் நாம் நமக்குள்ளேயே பேசிக் கலைந்தால் பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கும் சீனருக்கும் தமிழில் என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

மலாயிலும் பாண்டவர் கதை உண்டு, 'ஹிகாயத் பாண்டவா லீமா' என்று. அடுத்த ஆண்டு தமிழ் மொழி விழாவுக்கு அதைக் கற்ற மலாய் அறிஞர் ஒருவரையும் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிரசங்கியார் ஒருவரையும் ஒரே மேடைக்கு அழையுங்கள். இங்குள்ள நம் எழுத்தாளர்களின் சிறுகதைகளை மலாயிலும் சீனத்திலும் கொண்டுவர உங்கள் சங்கத்தின் வரவுசெலவில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். மொழிபெயர்ப்பவருக்குப் பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பாமல், உழைப்புக்குரிய பணத்தையும் கையில் கொடுங்கள்.