காக்க வந்த படைகளும் கணக்கில் வராத பிணங்களும்

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1941 முதல் 1948 வரை, இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்குக்குள் நான்கு முறை படை இறங்கியது. ஒருமுறை அமைதி காக்க என்றார்கள். ஒருமுறை விடுதலை தர என்றார்கள். ஒருமுறை மீட்க என்றார்கள். ஒருமுறை பாதுகாக்க என்றார்கள். நான்கில் ஒன்றாவது உங்கள் தாத்தாவுக்காக, உங்கள் பாட்டிக்காக வந்ததா? இல்லை! ரப்பருக்காக வந்தது. ஈயத்துக்காக வந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன சேதத்தை இன்றுவரை சுமப்பவர்கள் நாம்.

முதல் முறை 1941. நம் கிள்ளான் தோட்டங்களில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என்ன கேட்டார்கள்? கூலியைக் கூட்டு என்றார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதை எங்களுக்கும் கொடு என்றார்கள். எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடக்காதே என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். இன்னொன்றும் கேட்டார்கள், இளைஞர்களே, அதைக் கவனமாகக் கேளுங்கள்: எதிரே துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். தன் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய சைக்கிள். தோட்டத்துச் செம்மண் சாலை. எதிரே வெள்ளைக்காரத் துரை வருகிறான். உடனே இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். அவன் போன பிறகுதான் ஏறலாம். இதை இனிச் செய்ய மாட்டோம் என்று சொன்ன மனிதர்களுக்கு எதிராகத்தான் பிரிட்டிஷ் அரசு படையை அனுப்பியது. அந்த ஆண்டு மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலையைப் பிறப்பித்தது. தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களுக்குத் துணைநின்ற ஆர்.எச். நாதனைக் கைதுசெய்து நாடுகடத்தியது. இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. இந்தியத் தொழிலாளியை அடக்கத் தோட்டத்துக்குள் அனுப்பப்பட்டவர்கள் இந்தியப் படைவீரர்கள்!

இத்தனை வீரம் காட்டிய வல்லரசு, ஏழே மாதத்தில் என்ன செய்தது? 1941 டிசம்பர் 8, கோத்தா பாருவில் சப்பானியர் இறங்கினார்கள். பினாங்கில் குண்டு விழுந்தது. வெள்ளையரை மட்டும் கப்பலேற்றிக் காப்பாற்றிவிட்டு, ஆசிய மக்களை அங்கேயே கைவிட்டுப் போனது பிரிட்டன். 1942 சனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. சைக்கிளை விட்டு இறங்காதவனைச் சுடத் துப்பாக்கி இருந்தது. அவனைக் காக்கத் துப்பாக்கி இல்லை.

இரண்டாவதாக வந்தவன் ஆசியா ஆசியருக்கே என்றான். நம்மவர்களில் பலர் நம்பினார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். நூறாண்டு அடிமைத்தனத்தில் கிடந்தவனுக்கு அந்தச் சொல் இனிக்கத்தானே செய்யும்? ஆனால் விடுதலை தர வந்தவன் செய்த முதல் வேலை என்ன? பர்மாவில் இருந்த தன் படைக்குத் தளவாடம் கொண்டுபோக, சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டான். போர்க் கைதிகள் மட்டும் போதவில்லை. தோட்டங்களுக்கு வந்தான். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றான். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கொட்டகைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினான். சரக்குப் பெட்டிகளில் ஆட்டு மந்தை போல அடைத்து வடக்கே கொண்டுபோனான்.

மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். அங்கே மழை, பட்டினி, மலேரியா, காலில் புரையோடிய புண். 1943-இல் காலரா வந்து முகாம் முகாமாக வாரிக்கொண்டு போனது. போர்க் கைதிகளுக்காவது அவர்களோடு பிடிபட்ட ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், ஒழுங்குபடுத்த அதிகாரிகள் இருந்தார்கள், யார் செத்தார் என்று குறித்துவைக்க ஒரு கை இருந்தது. நம்மவர்களுக்கு யார் இருந்தார்கள்? பிரிட்டிஷார் பிறகு எழுதிய கணக்கிலேயே மலாயாத் தொழிலாளர் ஏறத்தாழ 30,000 பேர் இறந்ததாக இருக்கிறது. தப்பி ஓடிக் காட்டில் செத்தவர்களை யார் எண்ணினார்கள்?

பெரியோர்களே, சப்பான் துணையோடு எழுந்த நேதாஜியின் படையை நினைத்து நெஞ்சு நிமிராத தமிழன் இந்த நாட்டில் உண்டா? பால்மரம் சீவிய கைகள் துப்பாக்கி ஏந்தின. இதே கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர், பதினெட்டு வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அந்தத் தியாகத்தின் முன் நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் இரண்டு தேதிகளை உங்கள் முன் வைக்க வேண்டியிருக்கிறது. 1943 அக்டோபர் 17-இல் சயாம்–பர்மா ரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அக்டோபர் 21-இல், சிங்கப்பூர் கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. நடுவே நான்கே நாள்! ஒரே வல்லரசு, ஒரே தோட்டத்திலிருந்து, அண்ணனைப் போர்முனைக்கும் தம்பியைத் தண்டவாளத்துக்கும் எடுத்துக்கொண்டது. நாம் உயிரைக் கொடுத்தோம். அவன் அந்த உயிரைத் தன் வரைபடத்துக்குச் செலவழித்தான். வல்லரசின் தோளில் ஏறி விடுதலைக்குப் போக முடியாது என்பதை நம் வீரர்கள் இம்பால் மலையில் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

மூன்றாவது முறை, பிரிட்டன் நம்மை மீட்க வந்தது. 1945 செப்டம்பரில் மோரிப் கடற்கரையில் கரையேறியது. அதற்கு முன்பே நேசப் படை விமானங்கள் வந்திருந்தன. அந்த ஆண்டு மார்ச் 10-இல் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டைக் குறிவைத்துப் போட்ட குண்டில் சிலாங்கூர் அருங்காட்சியகம் தகர்ந்தது. தேசிய அருங்காட்சியகம் இன்று நிற்பது அந்த இடத்தில்தான். இங்கிருந்து நடந்துபோகும் தூரம். மீட்க வந்தவர்கள் போட்ட முதல் உத்தரவுகளில் ஒன்று, சப்பான் நோட்டு செல்லாது என்பது. மூன்றரை ஆண்டு மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்கைக் கட்டிக்கொண்டு, வேர்வை சிந்திச் சேர்த்த கூலி ஒரே நாளில் குப்பையானது. சயாமுக்குப் போனவர் வருவார் என்று தாலியைக் கழற்றாமல் காத்திருந்த பெண்களுக்கு, செத்தாரா இருக்கிறாரா என்று சொல்ல எந்த ஆபிசும் இல்லை. 1931 கணக்கெடுப்பைவிட 1947 கணக்கெடுப்பில் மலாயா இந்தியரின் தொகை குறைந்திருந்தது. ஊர் திரும்பியவர்களும் அதில் உண்டு. திரும்பவே முடியாத இடத்துக்குப் போனவர்களும் உண்டு.

நான்காவது முறை 1948. போரில் நொடித்துப்போன பிரிட்டனுக்கு அமெரிக்க டாலர் சம்பாதித்துக் கொடுத்தது மலாயா ரப்பர். அந்த ரப்பர் தோட்டத்தில் தொழிற்சங்கம் வலுத்தால் அவர்கள் பொறுப்பார்களா? சூன் மாதம் அவசரகாலம் வந்தது. ஆயுதம் எடுத்தவரோடு அது நிற்கவில்லை. சங்கம் வைத்தவரையும் அழித்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில், 1949 மே 4-இல் இதே நகரத்தின் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு கருணை கேட்டும் பயனில்லை. அந்தச் சிறை நின்ற இடத்தில் இன்று வணிக வளாகம் இருக்கிறது. சீனச் சகோதரர்களையும் நினைத்துப் பாருங்கள். 1948 டிசம்பரில், நம் சிலாங்கூரின் பத்தாங் காலியில், ஆயுதம் ஏந்தாத 24 கிராமத்தவரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். குடும்பத்தார் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். விசாரணை நடத்த அரசுக்குக் கடமை இல்லை என்று 2015-இல் தீர்ப்பு வந்தது.

அதெல்லாம் பழைய கதை என்று இளைஞர்கள் சிலர் நினைக்கலாம். தம்பி, பழைய கதையா? விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கும் அதிகாரத்தை அந்த அவசரகாலத்தில் வெள்ளைக்காரன் கையாண்டான். 1960-இல் அவசரகாலம் முடிந்தது, அதிகாரம் முடியவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாக உருமாறி நின்றது. 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் வீதிகளில் நம் மக்கள் திரண்ட பிறகு, அந்தப் பேரணியை நடத்திய இண்ட்ராப் அமைப்பின் தலைவர்கள் ஐந்து பேரைக் கமுந்திங் முகாமில் அடைத்தது எந்தச் சட்டம்? அதே சட்டம்தான்! 2012-இல் அதை நீக்கினார்கள், சொஸ்மா என்ற புதிய பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரனின் படை போய்விட்டது. அவன் செய்து கொடுத்த பூட்டு இங்கேயே இருக்கிறது.

சாவுக்குக் கணக்குத் தீர்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். சயாம் ரயில்பாதை ஓடிய காஞ்சனபுரிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம். கத்தரித்த புல், நேர் வரிசை, ஏறத்தாழ 7,000 பேர். கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது. அவர்களும் துன்புற்றுச் செத்த மனிதர்கள், அந்த மரியாதை அவர்களுக்கு உரியது. அதே ஊரில் 1990-இல் ஒரு கரும்புத் தோட்டத்தில் மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் குவியல் குவியலாக வந்தன. அவை யாருடைய எலும்புகள்? பெயர் சொல்ல ஒரு கல் இல்லை. அந்தப் பாதையில் ஓடிய நீராவி இஞ்சினைத் தோக்கியோவின் யசுகுனி ஆலய அருங்காட்சியகத்தில் துடைத்து மெருகேற்றி நிறுத்தியிருக்கிறார்கள். இஞ்சினுக்கு எண் இருக்கிறது. தண்டவாளம் சுமந்தவனுக்குப் பெயர் இல்லை! 1957-இல், நாம் மெர்டேக்கா முழங்கிய அதே ஆண்டில், குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி உலகப் புகழ்பெற்ற படம் வந்தது. பாலம் கட்டும் கதை முழுதும் வெள்ளைக்காரக் கைதிகளின் கதை. நம் கதையை எழுத நம் எழுத்தாளர்களே வர வேண்டியிருந்தது. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். அந்த இரண்டு பேனாக்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பணக்கணக்கையும் கேளுங்கள். 1951-இல் சான் பிரான்சிஸ்கோவில் சமாதான ஒப்பந்தம். சப்பானிடம் இழப்பீடு கோரும் உரிமையை நேச நாடுகள் விட்டுக்கொடுத்தன. பிரிட்டனும் கையெழுத்திட்டது. அப்போது மலாயா யார் கையில்? நம் பிணங்களுக்கும் சேர்த்து லண்டன் கையெழுத்திட்டது. 1967-இல் மலேசியாவும் சப்பானும் ஓர் உடன்பாடு செய்தன. இரண்டரைக் கோடி வெள்ளி. அது வந்தது சரக்குக் கப்பல்களாக. எந்த விதவையின் வாசலுக்கும் கப்பல் வராது. 2000-ஆம் ஆண்டு, சப்பான் முகாம்களிலிருந்து பிழைத்து வந்த தன் போர்க் கைதிகளுக்குப் பிரிட்டன் தலைக்குப் பத்தாயிரம் பவுண்டு கொடுத்தது. பிரிட்டனின் ரப்பருக்காகவே இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, அந்தப் பிரிட்டன் ஓடிப்போனதாலேயே சயாமுக்குப் போன தோட்டத் தொழிலாளிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

யானையும் யானையும் மோத, நடுவில் செத்தது சருகுமான் என்று மலாய்ப் பழமொழி உண்டு. பாதி உண்மைதான் அது. நாம் தற்செயலாக நடுவில் சிக்கியவர்கள் இல்லை. நம்மைப் பிடித்துக் கொண்டுபோய் நடுவில் நிறுத்தினார்கள். பட்டியல் போட்டு, கங்காணியையும் கிராணியையும் வைத்து ஆள் எண்ணிக் கொண்டுபோனார்கள். தற்செயல் என்று சொன்னால் யாரும் பொறுப்பேற்க வேண்டாம். திட்டம் என்று சொன்னால் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

நமக்கு மட்டும் நேர்ந்த கொடுமையா இது? பிரிக்பீல்ட்சில் தலைமுறைகளாக வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைக் கேளுங்கள். 1987-இல் அமைதி காக்க என்று ஈழத்துக்குப் போனது இந்தியப் படை. அந்த அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். 2003-இல் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று ஈராக்குக்குள் போனது அமெரிக்கா. ஆயுதம் கிடைக்கவில்லை. நாடு சிதைந்தது. அனுப்பியவர்கள் எவரும் கூண்டில் ஏறவில்லை.

இன்றைக்கு மலாக்கா நீரிணையில் யார் கப்பல் போக வேண்டும், தென்சீனக் கடல் யாருக்கு என்று மறுபடியும் பெரியவர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். கிள்ளான் துறைமுகம் அந்த வழியில்தான் இருக்கிறது. 1971-இல் இதே கோலாலம்பூரில், தென்கிழக்காசியா அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் உள்ள வட்டாரமாக வேண்டும் என்று ஆசியான் நாடுகள் பிரகடனம் செய்தன. அந்த நடுநிலையைக் காப்பது வெளியுறவு அமைச்சின் வேலை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அது தவறிய காலத்தில் முதலில் லாரியில் ஏற்றப்பட்டவர்கள் அமைச்சர்கள் இல்லை. பால்மரம் வெட்டியவர்கள்.

அதனால் இந்த மேடையிலிருந்து நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, சயாம் ரயில்பாதையில் மாண்ட மலாயாத் தொழிலாளர் அனைவருக்கும் அரசு ஒரு பெயர்ப் பதிவேடு திறக்க வேண்டும். இரண்டு, லண்டனிலும் தோக்கியோவிலும் இருக்கும் தொழிலாளர் ஆவணங்களின் நகல்களைப் பெற்று, மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் மக்கள் படிக்க வைக்க வேண்டும். மூன்று, 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தையும் மரண ரயிலையும் எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் வரலாற்றுப் பாடத்தில் உரிய அளவில் சேர்க்க வேண்டும். நான்கு, விசாரணை இல்லாத சிறைவாசம் எந்தப் பெயரில் இருந்தாலும் ஒழிய வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது. காஞ்சனபுரியில் நம்மவர்கள் முயன்று நடுகல் நாட்டியிருக்கிறார்கள். அவர்களை வாழ்த்துகிறேன். நம் பங்கை நாம் செய்வோம். உங்கள் வீட்டில் எண்பதைக் கடந்த தாத்தா பாட்டி இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டம், யாருடைய பிள்ளை, திரும்பினாரா? போனில் பதிவுசெய்யுங்கள், தாளில் எழுதுங்கள். பெயர் முழுதாகத் தெரியாவிட்டால் கூப்பிட்ட பெயரை எழுதுங்கள். வாசலில் மேசை போட்டிருக்கிறது, தாளும் பேனாவும் இருக்கின்றன. தெரிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று உங்களை வேண்டுகிறேன்.

அந்தப் பட்டியல் வளரட்டும். நாளைக்கு எந்த வல்லரசு எந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு 'உங்களைக் காக்க வருகிறோம்' என்று சொன்னாலும், அதன் முன்னால் அதை விரித்து வைப்போம். 'முதலில் இவர்களுக்குப் பதில் சொல்' என்று கேட்போம். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!