பட்டியலைச் சுவரில் ஒட்டு!

(ஸ்ரீவைகுண்டத்தில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



விவசாயிக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய் என்று மத்திய அரசாங்கம் 2019 பிப்ரவரியில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பி.எம். கிசான் என்று பெயர். யாருக்குப் பணம்? தன் பெயரில் நிலம் உள்ளவருக்கு மட்டும். நாற்று நடுகிறவளுக்கு இல்லை. குத்தகைக்கு உழுகிறவனுக்கும் இல்லை. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு நம்மூர் அணைக்கட்டு. அந்தத் தண்ணீரில் நெல்லும் வாழையும் விளைவிக்கிற கைகளில் எத்தனை பேருக்குப் பட்டா இருக்கிறது?

“அப்படியானால் அந்தப் பட்டியலோடு நமக்கென்ன?” என்று கேட்கலாம். 2020-ல் நடந்ததைக் கேளுங்கள்.

கொரோனா ஊரடங்கு. வேலை இல்லை, கூலி இல்லை. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் ஏழைகளிடம் தரகர்கள் வந்தார்கள். “கொரோனா பணம் வருகிறது, ஆதார் அட்டையும் பாங்கு புத்தகமும் கொடு” என்றார்கள். அதிகாரிகளின் ரகசியக் கடவுச்சொல் தரகர் கைக்குப் போனது. காணி நிலமில்லாத கூலியாள் ராத்திரியோடு ராத்திரியாக ‘விவசாயி’ ஆனார். கணக்கில் பணம் விழுந்தது; தரகர் தம் பங்கை எடுத்துக்கொண்டார். ஆகஸ்டில் குட்டு உடைந்தது. தகுதியில்லாத பெயர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல், போன பணம் சுமார் 110 கோடி ரூபாய் என்று வேளாண்மைத் துறைச் செயலாளரே சொன்னார். சி.பி.சி.ஐ.டி. வந்தது. தரகர்கள் சிலர் கைதானார்கள். ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். பணத்தை மீட்பது என்று வந்தபோது அந்தக் கூலியாளின் கணக்கில்தான் கை வைத்தார்கள். தரகர் தின்ற பங்குக்கும் அவரே பொறுப்பு!

பயனாளிகள் பட்டியலைப் பஞ்சாயத்தில் ஒட்ட வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. ஒட்டி, கிராம சபையில் உரக்கப் படித்திருந்தால், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையன்கூடக் கேட்டிருப்பான்: “இவருக்கு ஏது நிலம்?”

நம்மூருக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை யார் மறப்பார்? ரயிலே இங்கே சிக்கி நின்றது. அழிந்த நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று மாநில அரசாங்கம் அறிவித்தது. அது உழுதவன் கைக்குப் போனதா, பட்டாக்காரர் கைக்குப் போனதா? பட்டியல் கண்ணில் பட்டால் அல்லவா தெரியும்!

ஆலைத் தோழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சோப்பும் செருப்பும் வாங்கும்போது கட்டுகிற வரிதானே இந்தப் பணம். பிரிட்டனில் 2005-ல் விவசாய மானியப் பட்டியல் வெளியே வந்தது. அதில் எலிசபெத் ராணியும் இருந்தார்!

மானியம் பெறுவோர் விவரத்தை அரசாங்கம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8-வது பிரிவைத் திருத்தி, ‘தனிநபர் விவரம்’ என்று கதவைச் சாத்த வழி செய்திருக்கிறது. 4-வது பிரிவு அப்படியே நிற்கிறது, அதைப் பிடித்துக்கொள்வோம். ஆதார் எண்ணோ பாங்கு கணக்கு எண்ணோ நமக்கு வேண்டாம். பெயர், சர்வே எண், தொகை, இவ்வளவே.

மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். சுற்றுப்பட்டு ஊராட்சிக்கு ஒரு மனு என்று எழுதுவோம். எழுதத் தெரிந்த தோழர்கள் கூட்டம் கலைந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள்.