கோடை வெயிலும் கோழியின் உப்புச் சத்தும்



சித்திரை பிறந்துவிட்டால் திருச்சிராப்பள்ளியில் மலைக்கோட்டைப் பாறை அனல் வீசும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவேயுள்ள திருவரங்கத்திலும் ஆற்றுமணல் காலைச் சுடும். அப்போது நமக்கு வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. கோழிக்கோ வியர்வைச் சுரப்பிகளே இல்லை. அதன் உடல் வெப்பமோ இயல்பாகவே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். ஆகவே அது அலகைத் திறந்து, இறக்கைகளை அகற்றி, விரைந்து மூச்சு வாங்குகிறது. மூச்சோடு வெளியேறும் ஈரமே அதனைக் குளிர்விக்கிறது.

இதனால் ஒரு கேடும் விளைகின்றது. மூச்சு விரைய விரைய, குருதியிலுள்ள கரியமில வாயு மிகுதியாக வெளியேறுகிறது. குருதியின் காரத்தன்மை கூடுகிறது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அந்தக் கார்பனேட் உண்டாவதற்குக் கரியமில வாயு வேண்டும். வாயு குறைந்தால் ஓடு மெலிகிறது. வெயிலில் கோழி இரையையும் குறைத்துக்கொள்வதால் கால்சியமும் போதாமற் போகிறது. பொட்டாசியமோ எச்சத்தோடு கழிகிறது.

இது சிறு செய்தியன்று. ஓர் ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் தேவை. அது கோழியின் உடலிலுள்ள கால்சியத்தில் பத்தில் ஒரு பங்கு! நாமக்கல் பண்ணைகளின் முட்டை பள்ளிச் சத்துணவுக்கும் செல்கிறது. மெல்லிய ஓடு வழியிலேயே உடைந்தால் இழப்பு பண்ணைக்கு மட்டுமன்று. பத்துக் கோழிகளை நம்பி வாழும் ஏழைக் குடும்பத்துக்கோ அது அன்றாட வருவாயையே குலைப்பதாகும்.

பரிகாரம் யாது? முதலில் நிழல், காற்றோட்டம், குளிர்ந்த நீர். இரையைக் காலையிலும் மாலையிலும் இடுதல் நன்று. ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால், கிளிஞ்சல் நொறுக்கையோ சுண்ணாம்புக்கல் நொறுக்கையோ மாலையில் தரவேண்டும். ஆப்பச் சோடா என்று நாம் வழங்கும் சோடியம் பைகார்பனேட் ஓட்டுக்கு வேண்டிய பொருளை ஈடு செய்கிறது. பொட்டாசியம் குளோரைடு இழந்த பொட்டாசியத்தை மீட்கிறது. ஓடு அமைய உதவும் நொதி ஒன்றுக்குத் துத்தநாகமும் சிறிதளவு தேவை.

ஆயினும் கைக்கு வந்தபடி உப்பைக் கலத்தல் ஆகாது. மிகுந்த உப்பு கழிச்சலை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கால்நடை மருத்துவர் கூறும் அளவே அளவு. குடிநீர் இல்லாத இடத்தில் எந்த உப்பும் பயன் தராது.

மாணவர்களே, மருந்தின் பெயரை எவரும் சொல்லிவிடலாம். அது எதனால் வேண்டியிருக்கிறது என்று ஆராய்ந்து அறிவதே கல்வியின் பயன். உங்கள் வீட்டில் கோழி இருந்தால், இன்று நண்பகலில் அதன் தண்ணீர்ச் சட்டியைத் தொட்டுப் பாருங்கள். நீர் சூடாயிருந்தால் உடனே மாற்றுங்கள்.