ஊரே நகர்ந்தால் எப்படி அளப்பது?



நேபாளத்தின் தலைநகரம் காத்மாண்டு. 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. உச்சிப்பொழுது நெருங்கும் நேரம். பூமி ஆடியது. வீடுகள் சரிந்தன. பழைய கோயில்கள் சரிந்தன. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். அந்த நாட்டில் சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. அதனால் எத்தனையோ பிள்ளைகள் தப்பினார்கள்.

அன்று காத்மாண்டு நகரமே தெற்குப் பக்கமாக ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்தது. ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலேயும் எழும்பியது. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மரம், கோயில், மைல்கல் எல்லாம் ஊரோடு சேர்ந்தே நகர்ந்துவிடுமே! எதிலிருந்து நூல் பிடிப்பது?

வானத்திலிருந்துதான். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் மிக நுட்பமான கடிகாரம் இருக்கிறது. ‘இப்போது மணி இது’ என்று ரேடியோ அலையில் அவை சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தரையில் உள்ள கருவி அதைக் கேட்கிறது. சேதி வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் சேதி கிடைத்தால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். செல்போன் வழி காட்டுவதும் இப்படித்தான். ஆனால் செல்போன் சில மீட்டர் தவறும். பாறையில் பதித்த கருவியோ இரவு பகலாக, வருடக்கணக்கில் கேட்கிறது. அதனால் மில்லிமீட்டர் வரை தெரிகிறது. மழைக்காலத்தில் கங்கைச் சமவெளியில் சேரும் தண்ணீரின் பாரத்தால் நிலம் அமுங்குவதைக்கூட நேபாளத்துக் கருவிகள் காட்டின!

இந்தியாவைத் தாங்கும் பாறைத்தட்டு வடக்கே நகர்கிறது. இமயமலைக்கு அடியில் நுழைகிறது. நேபாளத்தில் இது வருடத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர். ஒரு விரல் அகலம்தான். ஆனால் அடியில் பாறைகள் வழுக்கிப் போவதில்லை. ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. மூங்கிலை வளைத்துக்கொண்டே போவது போல நெருக்கம் சேர்கிறது. பிடி விட்டால் விசுக்கென்று நிமிரும். அதுதான் நிலநடுக்கம்.

காத்மாண்டுக்கு மேற்கே 1505ஆம் ஆண்டுக்குப் பிறகு மிகப் பெரிய நிலநடுக்கம் வரவில்லை. அங்கும் நெருக்கம் சேர்வதைக் கருவிகள் காட்டுகின்றன. வருடத்துக்கு 2 சென்டிமீட்டர் என்றால் 500 வருடத்துக்கு எவ்வளவு? சிலேட்டில் போட்டுப் பாருங்கள்.

எந்த நாளில் ஆடும் என்று கருவி சொல்லாது. எந்த இடம் இறுகிக் கிடக்கிறது என்றுதான் சொல்லும். அந்த மலையூர்களில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள் ஏராளம். சுவரைச் சுற்றி மரச்சட்டமோ கான்கிரீட் பட்டையோ போட்டுக் கட்டினால், ஆடும்போது சுவர்கள் எளிதில் பிரிந்து விழுவதில்லை.