விளிம்பைத் தாண்டிய ரோரோ தொட்டி

ரவாங் தாமான்களில் பழைய வரிசை வீடுகளைப் பலர் இடித்துப் புதுப்பிக்கிறார்கள். நல்லதுதான். அந்த வாசல்களில் நிற்கும் ரோரோ தொட்டியைப் பற்றித்தான் இன்று பேச்சு.

விளிம்பு வரைதான் அதை நிரப்பலாம். அதற்கு மேல் செங்கல்லும் பலகையும் குவிந்தால் தார்ப்பாய் போட்டு மூட முடியாது. லோரிக்காரர் தூக்கத் தயங்குவார். தொட்டி அங்கேயே நின்றுவிடும். இரவோடு இரவாகப் பழைய மெத்தையைக் கொண்டுவந்து அதில் போடுவது யார்? நம்மில் சிலர்தான்! வாடகை கட்டுபவரோ வீட்டுக்காரர்.

பிறகு மழை. பெயிண்ட் வாளியில் தேங்கும் நீரில் ஏடிஸ் முட்டை பொரிந்தால் 7 முதல் 10 நாளில் கொசு பறக்கும். டிங்கி காய்ச்சல் வீட்டு எண் பார்த்தா வருகிறது? கரைந்தோடும் சிமெண்டு கால்வாயில் இறுகினால் வரிசை முழுவதற்கும் தொல்லை.

வீட்டுக் குப்பை லோரி இடிபாடுகளை ஏற்றாது. அகற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. சாலையை மறித்தால் 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு இருக்கிறது. செலாயாங் நகராண்மைக் கழகத்திடம் புகார் செய்யலாம். அதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் நேரில் கேளுங்கள்: "அண்ணே, தொட்டியை எப்ப தூக்குறாங்க?" குத்தகையாளரின் கைப்பேசி எண்ணையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.