சட்டைப் பையில் ஒரு கங்காணி



கற்றறிந்த சான்றோர் வீற்றிருக்கும் இம்மேடையில், பத்தாம் வகுப்போடு ஏட்டுப் படிப்பை முடித்துக்கொண்ட ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கும் சிறிது நேரம் ஒதுக்கிய சங்கத்தாருக்கு என் நன்றி. இலக்கியம் பேச வல்லார் இங்கே பலர் உளர். நான் பேச வந்திருப்பது வயிற்றுப்பாட்டைப் பற்றி.

கங்காணி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. கண்காணிப்பவன் கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கும் நம்மவரை அழைத்துச் சென்றவனும் அவனே. அங்கே அவர்களை வேலை வாங்கியவனும் அவனே. கொடியவன்தான். ஆயினும் அவனுக்கு ஒரு முகம் இருந்தது. அவனிடம் கெஞ்சலாம், அவன் இல்லாதபோது ஏசலாம், அவன் கண்ணயர்ந்தால் நாமும் சற்று முதுகை நிமிர்த்தலாம்.

இந்நகருக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் கோலார் தங்கவயல் உள்ளது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்ட அச்சுரங்கங்களில், வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். 1930ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்காக என்று எண்ணுகிறீர்கள்? விரல் ரேகையைப் பதித்துப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற புதிய ஏற்பாட்டை எதிர்த்து! அவர்களுள் பலர் எழுத்தறியாதவர். ஆயினும், ஒருவனுடைய ரேகை முதலாளியின் ஏட்டில் ஏறிவிட்டால், ஓரிடத்தில் நீக்கப்பட்டவனுக்கு வேறிடத்திலும் கதவு அடைபடும் என்பதை உணரப் பள்ளிப்படிப்பு தேவையில்லை அல்லவா?

இன்று ரேகையும் முகமும் நாள்தோறும் கேட்கப்படுகின்றன. நாமும் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

என்னையும் கண்காணிக்கிறார்கள். நான் டிக்கெட் கொடுக்கும் சாளரத்திற்கு மேலே காமிரா இருக்கிறது. எந்த நிமிடத்தில் எந்த டிக்கெட்டை அடித்தேன் என்பதைக் கணினி சொல்லிவிடும். எஞ்சின் ஓட்டுநர் அறையிலும் காமிராக்கள் பொருத்தப்பட்டு வருகின்றன. தண்டவாளத்தைப் பார்வையிட்டு நடக்கும் தொழிலாளியின் கையில் ஜி.பி.எஸ். கருவி தரப்படுகிறது, நள்ளிரவில், ஆளரவமற்ற பாதையில் அதுவே அவனுக்கு உதவிக்குரல் ஆவதும் உண்டு. ஆகவே கருவி எல்லாம் கேடு என்று கூற நான் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் என் கணக்கில் 340 ரூபாய் குறைந்தது. பிழை என்னுடையதே. எனக்கு எழுத்து மூலமாகக் குற்றச்சாட்டு வந்தது. நானும் எழுத்து மூலமாகப் பதிலளித்தேன். ரயில்வே ஊழியர்களுக்கென 1968ஆம் ஆண்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் இருக்கின்றன. என்ன குற்றம், யார் சாட்டுகிறார், யாரிடம் முறையிடலாம் என்பது கடைநிலை ஊழியனுக்கும் தெரியும். எச்சரிக்கையோடு தப்பினேன். அந்த இரண்டு தாள்களின் அருமை அன்று எனக்குத் தெரியவில்லை.

அதனை எனக்கு உணர்த்தியவன் என் தமக்கை மகன். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, இந்நகரில் இருசக்கர வண்டியில் உணவுப் பொட்டலங்களைக் கொண்டுசேர்க்கிறான். நிறுவனத்தின் பெயர் வேண்டா. செல்பேசியில் தன் முகத்தைக் காட்டினால்தான் அன்றைய வேலை தொடங்கும். அவன் செல்லும் வழி, நிற்கும் நேரம், வாடிக்கையாளர் இடும் நட்சத்திரம் யாவும் பதிவாகின்றன. சென்ற ஆண்டு பழனிக்குச் சென்று முடி காணிக்கை செலுத்தி வந்தான். மறுநாள் காலை செல்பேசி, "இவன் அவன் அல்லன்" என்று கூறிவிட்டது. முருகனுக்கு அடையாளம் தெரிந்தது, இயந்திரத்திற்குத் தெரியவில்லை!

கணக்கு முடங்கிற்று. உதவிக்குரிய எண்ணில் பதிவு செய்த குரல் ஒன்றே திரும்பத் திரும்பப் பேசிற்று. ஒன்பது நாட்கள் வேலையில்லை. வண்டிக் கடனின் தவணை மட்டும் தவறாமல் வந்து நின்றது. பத்தாம் நாள் தானாகவே திறந்தது. ஏன் மூடினார்கள், ஏன் திறந்தார்கள் என்பதை இன்றுவரை எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. "மாமா, திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் இல்லையே" என்றான். அச்சொல் என்னை உறங்கவிடவில்லை.

இத்தகைய தொழில் செய்வோர் நாட்டில் 2020-21இல் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் 2.35 கோடி ஆவர் என்றும் நிதி ஆயோக் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்த புட்டசுவாமி அவர்கள், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

2025ஆம் ஆண்டில் கர்நாடக அரசு இத்தொழிலாளருக்கென ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. ஒருவனை நீக்குவதாயின் எழுத்து மூலமான காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும் என்கிறது. தானியங்கு முறைகள் அவனை எவ்வாறு கண்காணிக்கின்றன, எவ்வாறு தீர்மானிக்கின்றன என்று கேட்டறியவும் வழி செய்கிறது. அதனை எளிய நடையில், கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளுள் அவன் அறிந்த ஒன்றிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. அவ்வட்டவணையில் தமிழ் இருக்கிறது, அன்பர்களே! என் மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் நம்பவில்லை, சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. கேட்டு எழுதும் கை வேண்டும். எனக்கு எழுதத் தெரிந்தது மனு ஒன்றுதான். இருபது ஆண்டு ரயில்வே உத்தியோகம் அதையாவது கற்றுக்கொடுத்திருக்கிறது. ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்குமேல் நம் சங்க நூலகத்தில் இருப்பேன். கணக்கு முடக்கப்பட்ட பிள்ளைகள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் அனுப்பிவையுங்கள். முடங்கிய நாளையும் செல்பேசியில் வந்த செய்தியையும் குறித்துக்கொண்டு வரட்டும். தாளும் பேனாவும் என்னுடையவை.