துக்கத்தை இறக்கி வைக்கும் இடம்
(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஸ்தோத்திர ஆராதனையில் ஆற்றிய உரை)



நூறு ஆண்டுகள் நிறைவுற்ற இந்நாள் மகிழ்ச்சியின் நாள். ஆயினும், இங்கே நம்மோடு இருந்திருக்க வேண்டிய பலரை நினைத்துக்கொண்டே நாம் அமர்ந்திருக்கிறோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக நடந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் கடலுக்கு உறவுகளைப் பறிகொடுத்தவர்களும், 2009இல் வன்னியில் பிள்ளைகளைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். பெற்ற தாயின் அடக்க ஆராதனையை ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து தொலைபேசித் திரையில் பார்த்து அழுதவர்களும் இருக்கிறார்கள். இத்துக்கங்களை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து நன்றி சொன்னால், அது பாதி நன்றியாகவே இருக்கும்.

விசுவாசமுள்ளவள் அழக்கூடாது என்று ஆறுதல் சொல்ல வருபவர்கள் உண்டு. வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறவராயிருந்தும், அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் ஆண்டவர் அழுதார். புலம்பலுக்கென்றே ஐந்து அதிகாரங்களில் ஒரு புத்தகம் வேதத்தில் இருக்கிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதலான ஒரு முடிவை யாரும் அதற்குச் சேர்க்கவில்லை. அப்படியே அதை ஆராதனையில் பாடினார்கள். கடவுளிடம் முறையிடுவதும் ஜெபந்தான்.

துக்கம் வேறு, மனமுறிவு வேறு. நகோமியை நினைத்துப் பாருங்கள். பஞ்சத்துக்குத் தப்பி மோவாபுக்குப் போன இடத்தில் கணவனையும் இரண்டு ஆண்மக்களையும் இழந்தாள். பெத்லகேமுக்குத் திரும்பிவந்தபோது, இனித் தன்னை மாராள், அதாவது கசப்பு, என்று அழைக்கும்படி ஊர்ப் பெண்களிடம் கேட்டாள். தான் வெறுமையாய்த் திரும்பியதாகவும் சொன்னாள். அதைச் சொன்ன வேளையில் மருமகள் ரூத் அவள் பக்கத்தில்தான் நின்றாள்! மனமுறிவு செய்கிற வேலை இதுதான்: பக்கத்தில் நிற்பவரையும் அது மறைத்துவிடும். நகோமிக்கு வானத்திலிருந்து விளக்கம் எதுவும் வரவில்லை. ரூத் வயலுக்குப் போய்க் கதிர் பொறுக்கி வந்தாள், அன்றைய உணவு கிடைத்தது, மறுநாளும் போனாள். அப்படி ஒவ்வொரு நாளாகவே நகோமி மீண்டாள். கடைசியில் ஒரு குழந்தை அவள் மடிக்கு வந்தது. இறந்த பிள்ளைகள் திரும்பி வரவில்லை. ஆனால் அவள் வாழ்வு மூடிப்போகவுமில்லை.

ஆனால் அடக்கம் செய்ய உடல் இல்லாதவர்கள் என்ன செய்வது? முப்பத்தோராம் நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்றே தெரியாத தாய்மாரிடம், துக்கத்தை விட்டுவிடுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர்களுக்காகவே ரிஸ்பாளின் கதை சாமுவேலின் இரண்டாம் புத்தகம், 21ஆம் அதிகாரத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று நாம் நம்புகிறோம். கொல்லப்பட்ட தன் இரு மக்களின் உடல்களருகே, பாறையின்மேல் இரட்டுத்துணியை விரித்து, வாற்கோதுமை அறுப்புத் தொடங்கியது முதல் மழை பெய்யும்வரை அவள் காவலிருந்தாள். பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அண்டவிடவில்லை. அது அரசன் தாவீதின் காதுக்கு எட்டியது. எலும்புகள் சேர்க்கப்பட்டு அடக்கம் நடந்தது. அதன் பிறகே கடவுள் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டார் என்கிறது வேதம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்பாக அமர்ந்த தாய்மாரைக் கண்டபோது நமக்கு ரிஸ்பாளே நினைவுக்கு வந்தாள். துக்கத்தை இறக்கி வைப்பதென்றால் உண்மையைக் கேட்பதை நிறுத்துவது என்று பொருளல்ல. கேள்வி நம்மோடு இருக்கட்டும். நம்மை உள்ளே தின்னும் கசப்பையும், தனியே சுமக்க வேண்டும் என்ற எண்ணத்தையுமே ஆண்டவரிடம் கொடுக்கிறோம்.

நம் ஊர்த் தெருவோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. தலைச்சுமையோடு நடப்பவர்கள் யாருடைய உதவியுமின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறவென்று கட்டியவை. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவற்றைக் கட்டுவது வழக்கம். ஒரு வீட்டின் தாங்கமுடியாத துக்கம், முன்பின் அறியாத வழிப்போக்கர்களின் பாரத்தைத் தாங்கியது. நாம் பெற்ற ஆறுதலால் துன்பத்திலிருக்கும் மற்றவர்களை ஆற்றவேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் இதையே. சிலுவையும் அத்தகைய இடந்தான். அங்கே இறக்கி வைத்தவர்கள் சிலவேளை மறுநாள் மீண்டும் அதே சுமையைத் தூக்கவேண்டி வரும். அதனால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். கல் அங்கேயே இருக்கிறது, மறுபடியும் இறக்கலாம்.

நம்மில் சைவ வீடுகளிலிருந்து வந்தவர்களும் காலை வழிபாட்டில் நம்மோடு ஒரே வரிசையில் நின்றவர்களே. யாருடைய துக்கமும் இந்தச் சங்கத்துக்கு வெளியே இல்லை. ஆகவே சகோதரிகளே, இன்று வீடு திரும்பியதும் நம் வகுப்பில் படித்த ஒருத்தியை, நீண்டநாள் குரல் கேட்காத ஒருத்தியை, அழைத்துப் பேசுவோம். புத்திமதி சொல்லவேண்டாம். அவள் இழந்தவரின் பெயரைச் சொல்லி, அவரைப்பற்றிக் கேட்போம். அவள் அழுதால் பொறுத்திருப்போம். ரூத் நின்றதுபோல நிற்போம்.

கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டு நின்ற மகதலேனா மரியாளைப் பெயர் சொல்லி அழைத்த ஆண்டவர், உங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஆற்றித் தேற்றுவாராக. ஆமென்.